மோட்டார்ஹோம் டி.பி.எஃப். சுத்தம்: எந்த ஸ்கேனர் வாங்குவது, எதை முதலில் அளப்பது

டி.பி.எஃப். என்பது டீசல் புகையிலிருக்கும் கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி. டேஷ்போர்டில் அதன் விளக்கு எரிந்ததும் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒரு டப்பா கிளீனர் வாங்கி டீசல் டேங்கில் ஊற்றுகிறார்கள், இல்லையென்றால் 'டி.பி.எஃப். ரீஜென் செய்யும்' என்று அட்டையில் போட்டிருக்கும், வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஏதாவது ஒரு ஸ்கேனரை ஆன்லைனில் வாங்கிவிடுகிறார்கள். வடிகட்டியை அடைத்திருப்பது கரித்தூளா, சாம்பலா, அல்லது அடைப்பே இல்லாமல் சென்சார்தான் தப்பாகக் காட்டுகிறதா என்று தெரியாதவரை இரண்டும் வீண் செலவு. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. இந்த மூன்றையும் பிரித்துக் காட்டும் கருவிதான் வாங்கத் தகுந்தது. ரீஜென், அதாவது உள்ளே சேர்ந்ததை எரிக்கும் பொத்தான் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி.

இங்கே சொல்வது ஐரோப்பிய மோட்டார்ஹோம்களுக்கு, அதாவது வேனின் மேல் வீடு கட்டிய வண்டிகளுக்கு: முக்கியமாக ஃபியட் டுகாட்டோ, அதன் உடன்பிறப்புகளான பெஜோ பாக்ஸர், சிட்ரோயன் ஜம்பர், பிறகு ஃபோர்டு டிரான்ஸிட், மெர்சிடிஸ் ஸ்பிரின்டர். அமெரிக்காவின் பேருந்து அளவு டீசல் மோட்டார்ஹோம்கள் வேறு உலகம். அவற்றில் லாரிகளுக்கான 9 பின் வட்ட சாக்கெட் இருக்கும், கம்மின்ஸ் எஞ்சினுக்கு அதற்கென்று தனி மென்பொருள் வேண்டும், கார் ஸ்கேனர் அங்கே உதவாது.

கரித்தூள் எரியும், சாம்பல் எரியாது

கரித்தூள் என்பது முழுதாக எரியாத டீசல். வடிகட்டிக்குள் வெப்பம் 550 முதல் 650 டிகிரி செல்சியஸ் வரை ஏறினால் அது எரிந்து போய்விடும். இதற்குத்தான் ரீஜெனரேஷன், சுருக்கமாக ரீஜென், என்று பெயர். எஞ்சின் கம்ப்யூட்டர், அதாவது ஈ.சி.யூ., வழக்கமான பீய்ச்சலுக்குப் பிறகு கொஞ்சம் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சி இந்த வெப்பத்தை உண்டாக்குகிறது. அப்படிப் பீய்ச்சும் டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி எஞ்சின் ஆயிலில் கலக்கும். ரீஜென் பாதியில் நின்று நின்று திரும்பத் தொடங்கும் வண்டியில் ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறுவது இதனால்தான்.

சாம்பல் எஞ்சின் ஆயிலிலிருந்து வருவது. ஆயிலில் சேர்க்கும் கால்சியம், துத்தநாகம், பாஸ்பரஸ் சேர்மங்களின் மிச்சம் அது. எத்தனை முறை ரீஜென் செய்தாலும் போகாது. கழற்றி வெளியே எடுத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். கையேடு சொல்லும் குறைந்த சாம்பல் ஆயிலை மட்டும் ஊற்றச் சொல்வதும் இதற்காகத்தான். ஐரோப்பிய வாகனத் தயாரிப்பாளர் சங்கமான ஏ.சி.இ.ஏ.வின் சி3 ஆயில் வகையில் சல்ஃபேட் சாம்பல் அதிகபட்சம் 0.8 சதவீதம், சி4 வகையில் 0.5 சதவீதம்.

மோட்டார்ஹோமுக்கு இதில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. ஆண்டின் பெரும்பகுதி நின்றே இருக்கும் வண்டி அது. குளிர்காலத்தில் பேட்டரி சார்ஜ் ஆகட்டும் என்று வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஐடிலில், அதாவது நின்ற இடத்திலேயே மெதுவாக ஓட, விடுவார்கள். டி.பி.எஃப்.புக்கு அதைவிடக் கெடுதலான பழக்கம் இல்லை. கரித்தூள் சேரும், எரிவதற்கான சூடு வராது.

முதல் படி: அடிப்படை வண்டியைக் கண்டுபிடியுங்கள்

மோட்டார்ஹோமின் முகப்பில் இருக்கும் பெயர் மேற்கூடு கட்டியவரின் பெயர். ஸ்கேனருக்கு அது ஒன்றுமே இல்லை. வண்டியின் அடையாள எண்ணான வி.ஐ.என். எண்ணின் முதல் மூன்று எழுத்துகளைப் பாருங்கள்: இசட்எஃப்ஏ என்றால் ஃபியட், விஎஃப்3 பெஜோ, விஎஃப்7 சிட்ரோயன், டபிள்யூஎஃப்0 ஃபோர்டு, டபிள்யூடிபி மெர்சிடிஸ்.

பதிவு ஆண்டை நம்பாதீர்கள். தொழிற்சாலையிலிருந்து வெறும் சேஸியாக வந்த வண்டி, மேற்கூடு கட்டி விற்பனையாகிப் பதிவாவதற்குள் ஓராண்டு கடந்திருக்கலாம். 2017இல் பதிவான வண்டிக்குள் 2016 எஞ்சின் இருப்பது சாதாரணம். ஸ்கேனரில் ஆண்டைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த ஒரு வருட வித்தியாசத்தில் வேறு ஈ.சி.யூ. பட்டியலுக்குள் போய்விடுவீர்கள், 'தொடர்பு இல்லை' என்று வரும். முடிந்தவரை வி.ஐ.என். எண், எஞ்சின் குறியீடு இரண்டையும் வைத்தே தேடுங்கள். டுகாட்டோவின் 2.3 லிட்டர் மல்டிஜெட் எஞ்சினின் குறியீடு எஃப்1ஏ என்றும், 3.0 லிட்டருக்கு எஃப்1சி என்றும் தொடங்கும்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. டுகாட்டோ, பாக்ஸர், ஜம்பர் மூன்றும் இத்தாலியின் அட்டெஸாவில் ஒரே ஆலையில் உருவானவை. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான். ஆனால் 2006 மாடல் வரிசையில் பாக்ஸர், ஜம்பர் இரண்டிலும் பரவலாக வந்த 2.2 லிட்டர் எஞ்சின் ஃபோர்டின் பூமா குடும்பத்தைச் சேர்ந்தது; டுகாட்டோவின் 2.3 ஃபியட் குழுமத்தின் எஞ்சின். பக்கத்து வண்டிக்காரரின் டுகாட்டோவில் அருமையாக வேலை செய்த மென்பொருள் உங்கள் பாக்ஸரின் எஞ்சினை அடையாளமே காணாமல் போகலாம்.

இரண்டாம் படி: எந்த வகைக் கருவி

மலிவான கோடு ரீடர். 20, 30 யூரோவுக்குக் கிடைக்கும். பி2002, பி2463 என்று கோடு, அதாவது பிழைக் குறியீடு, படிக்கும், அழிக்கும். கரித்தூள் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, கடைசி ரீஜென் எப்போது என்று எதுவும் சொல்லாது. டி.பி.எஃப். வேலைக்கு இது போதாது. இன்னொரு கெடுதலும் உண்டு: விளக்கை அணைக்க வழி செய்துகொடுத்து அடைப்பை முற்றவிடும்.

செல்போன் ஆப், ப்ளூடூத் அடாப்டர். வண்டிக் கோளாறு கண்டறிதலுக்கான பொதுவான ஓ.பி.டி. தரத்திலேயே டி.பி.எஃப்.பின் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள அழுத்த வேறுபாடு, வெப்பநிலை, ரீஜென் நிலை ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அவற்றை வெளியே கொடுப்பதா வேண்டாமா என்பது அந்தந்த ஈ.சி.யூ.வின் விருப்பம். பழைய யூரோ 5 புகைத் தர வண்டிகள் பெரும்பாலும் கொடுப்பதில்லை. ஐபோன் வைத்திருப்பவர்கள் கவனிக்க: சாதாரண ப்ளூடூத் அடாப்டர் அதில் இணையாது, பெரும்பாலும் வைஃபை அல்லது ப்ளூடூத் எல்.இ. வகைதான் வேண்டும்.

அடாப்டர் வாங்கும்போது இன்னொன்று. சந்தையில் 'ஈ.எல்.எம்.327' என்று விற்பவற்றில் பெரும்பாலானவை நகல். மூலச் சிப்பை வடிவமைத்த நிறுவனம் 1.5 என்ற பதிப்பை வெளியிட்டதே இல்லை. அட்டையில் அந்த எண் இருந்தால் நகல் என்பது உறுதி. வேடிக்கை என்னவென்றால், பி.ஐ.சி.18எஃப்25கே80 சிப் உள்ள அந்த 1.5 நகல்கள் ஓரளவு ஒழுங்காக வேலை செய்கின்றன, '2.1' என்று பெருமையாக அச்சிட்ட நகல்கள்தான் பல கட்டளைகளை விழுங்கிவிடும். படிப்பதற்கு நகல் பரவாயில்லை. எரிப்புக் கட்டளை கொடுக்க ஓ.பி.டி.லிங்க் போன்ற நம்பகமான அடாப்டர், அதிலும் யு.எஸ்.பி. வயருள்ளது நல்லது. 600 டிகிரியில் வடிகட்டி எரிந்துகொண்டிருக்கும்போது ப்ளூடூத் அறுந்தால் திரையில் வெப்பத்தைப் பார்க்க முடியாது.

விண்டோஸ் லேப்டாப், பிராண்டுக்கேற்ற மென்பொருள். சொந்தமாக ஒரே ஒரு மோட்டார்ஹோம் வைத்திருப்பவருக்கு என் பரிந்துரை இதுதான். ஃபியட் எஞ்சினுக்கு மல்டிஈசியூஸ்கேன், ஃபோர்டுக்கு ஃபோர்ஸ்கேன். மல்டிஈசியூஸ்கேனின் இலவசப் பதிப்பைக் கொண்டு உங்கள் ஈ.சி.யூ.வோடு இணைகிறதா என்று முதலில் சோதித்துவிட்டு, பிறகு பணம் கட்டிப் பதிவு செய்யலாம். கட்டளைகள் பதிவு செய்த பதிப்பில்தான் திறக்கும். அதனுடன் விற்கும் வண்ண வண்ண அடாப்டர் வயர்கள் ஏர்பேக், பாடி கம்ப்யூட்டர் போன்றவற்றுக்கு. டி.பி.எஃப். தகவல் இருப்பது எஞ்சின் ஈ.சி.யூ.வில், அது வண்டியின் ஓ.பி.டி. சாக்கெட்டின் 6, 14 ஆம் பின்களில் நேரடியாகப் பேசும். வயர் செட்டை அவசரப்பட்டு வாங்க வேண்டாம்.

கையடக்கத் தொழில்முறை ஸ்கேனர். ஆடெல், லான்ச் போன்றவை. சில நூறு யூரோவிலிருந்து தொடங்கும். பல பிராண்டுகளைப் பார்க்கும். ஸ்பிரின்டர் வைத்திருப்பவர்கள், கேம்ப்சைட்டில் நான்கு பேர் வண்டியைப் பார்த்துக் கொடுப்பவர்கள் இதற்குப் போகலாம். வருடாந்திர அப்டேட் கட்டணத்தையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் '30 சர்வீஸ் செயல்பாடுகள்' என்பதை நம்பாமல், தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடல், ஆண்டு, எஞ்சினைப் போட்டு டி.பி.எஃப். வரிசையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். டீலர் மென்பொருளின் திருட்டு நகல்களைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம்.

புதிய வண்டிகளில் ஒரு பூட்டு உண்டு. ஃபியட் குழுமம் 2018 வாக்கிலிருந்து தன் வண்டிகளில் பாதுகாப்பு கேட்வே ஒன்றைப் பொருத்தத் தொடங்கியது. அது இருந்தால் ஸ்கேனர் கோடுகளைப் படிக்கும், ஆனால் அழிக்கவோ ரீஜென் கட்டளை கொடுக்கவோ விடாது. 'என் கருவி கெட்டுவிட்டது' என்று திருப்பி அனுப்புகிறவர்களில் பலர் இந்தப் பூட்டில் முட்டியவர்கள். வழி இரண்டு: கேட்வேயை முறையாகத் திறக்கப் பதிவு வசதியுள்ள ஸ்கேனர், அல்லது கேட்வே பெட்டியைத் தாண்டி இணைக்கும் பைபாஸ் வயர். புதிய டுகாட்டோ வைத்திருப்பவர் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

எந்தக் கருவியானாலும் உங்கள் எஞ்சினில் இவ்வளவாவது காட்ட வேண்டும்: அழுத்த வேறுபாடு, கரித்தூள் அளவு கிராமிலோ சதவீதத்திலோ, வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள வெளியேற்ற வெப்பநிலை, கடைசி ரீஜெனுக்குப் பின் ஓடிய தூரம், ஆயில் தரம். கட்டளைகளில் ரீஜென், அழுத்த சென்சார் மறு அளவமைப்பு, வடிகட்டி மாற்றப் பதிவு, ஆயில் மாற்றப் பதிவு ஆகிய நான்கும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

இதோடு 0 முதல் 350 மில்லிபார் வரை காட்டும் ஒரு டிஜிட்டல் மானோமீட்டர் (அழுத்தமானி), ஆங்கில T வடிவ இணைப்புகள் இரண்டு, ஒரு மீட்டர் சிலிக்கான் குழாய் வாங்கிக்கொள்ளுங்கள். சென்சார் பொய் சொல்கிறதா என்று ஸ்கேனரைக் கேட்டுப் பயனில்லை; ஸ்கேனருக்கே தகவல் கொடுப்பது அந்தச் சென்சார்தான்.

மூன்றாம் படி: அளக்கும் வரிசை

முதலில் மின்னழுத்தம். மோட்டார்ஹோமில் கூரையிலிருக்கும் சோலார் பெரும்பாலும் குடியிருப்புப் பகுதியின் பேட்டரியை மட்டுமே சார்ஜ் செய்யும். எஞ்சின் பேட்டரி சத்தமில்லாமல் இறங்கியிருக்கும். 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சார்ஜரை மாட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். குறைந்த மின்னழுத்தத்தில் சம்பந்தமே இல்லாத கோடுகள் வரிசையாக வரும்.

பிறகு எல்லாக் கோடுகளையும் படித்துச் சேமியுங்கள். அழிக்காதீர்கள். பி2463 கரித்தூள் மிகுதி. பி242எஃப் சாம்பல் மிகுதி. பி2452 முதல் பி2455 வரை அழுத்த சென்சாரும் அதன் வயரிங்கும். பி244ஏ அழுத்த வேறுபாடு மிகக் குறைவு, பி244பி மிக அதிகம். பி2458 ரீஜென் நேரம் ஒத்துவரவில்லை, பி2459 ரீஜென் இடைவெளி ஒத்துவரவில்லை. டி.பி.எஃப்.புக்கு வெளியே இருந்தும் காரணம் வரும். பி0401 ஈ.ஜி.ஆர். (வெளியேற்ற வாயுவில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் வால்வு) ஓட்டக் குறைவு, பி0299 டர்போ அழுத்தக் குறைவு, பி0128 தெர்மோஸ்டாட். இவை இருந்தால் அவற்றைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். டர்போ குழாயில் ஓட்டையை வைத்துக்கொண்டு வடிகட்டியைக் கழுவினால் அடுத்த பயணத்திலேயே மறுபடி அடைக்கும்.

இரவு முழுதும் நின்ற வண்டியில், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து பாருங்கள். அழுத்த வேறுபாடு பூஜ்யம் காட்ட வேண்டும். இரண்டு மூன்று மில்லிபார் தள்ளி இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். 20 காட்டினால் சென்சாரோ வயரோ கெட்டிருக்கிறது, வடிகட்டியைத் தொட வேண்டியதில்லை. அதே நேரத்தில் கூலன்ட், உள்காற்று, வெளியேற்ற வெப்பநிலைகள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் 30 டிகிரி தள்ளி நின்றால் அந்தச் சென்சாரைச் சந்தேகியுங்கள்.

அடுத்து எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள், ஓட்டித்தான். கூலன்ட் 80 டிகிரியைத் தாண்டி நிற்கிறதா என்று திரையில் கவனியுங்கள். தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கிக்கொண்டால் நெடுஞ்சாலையில் 65 டிகிரியிலேயே நிற்கும், ஈ.சி.யூ. ரீஜெனைத் தொடங்கவே தொடங்காது. டேஷ்போர்டு முள்ளை நம்ப முடியாது. பல வண்டிகளில் அது ஒரு வரம்புக்குள் நடுவிலேயே நிற்கும்படி அமைந்தது.

சூடான எஞ்சினில் ஐடிலில் 10 மில்லிபாருக்குள், கியர் போடாமல் நிமிடத்துக்கு 2500 சுழற்சியில் 50 மில்லிபாருக்குள் இருந்தால் வடிகட்டி மூச்சு விடுகிறது. 100ஐத் தாண்டினால் அடைப்பு கடுமை. எஞ்சினுக்கு எஞ்சின் கொஞ்சம் மாறும், ஆனாலும் இந்த வரம்புகள் ஒரு நல்ல தொடக்கம். அலகைப் பார்த்துக்கொள்ளுங்கள்: சில ஸ்கேனர்கள் கிலோபாஸ்கலில் காட்டும், 1 கிலோபாஸ்கல் 10 மில்லிபார்.

இப்போது மானோமீட்டர். வடிகட்டியிலிருந்து சென்சாருக்கு வரும் இரண்டு ரப்பர் குழாய்களிலும் டி இணைப்பைப் போட்டு அதே சுழற்சியில் பாருங்கள். இரண்டு எண்களும் ஒத்துப்போனால் சென்சார் நல்லது. சுழற்சி ஏறும்போது ஸ்கேனர் எதிர்மறை எண் காட்டினால் யாரோ குழாய்களை மாற்றி மாட்டியிருக்கிறார்கள். எண் எப்போதும் பூஜ்யத்தை ஒட்டியே இருந்தால், வடிகட்டிக்கு முன்பக்கக் குழாய் வெடித்திருக்கிறது அல்லது கரியால் அடைத்திருக்கிறது. அல்லது வடிகட்டியே உள்ளே விரிசல் விட்டிருக்கிறது. டெயில்பைப்பின் உட்புறத்தை விரலால் துடைத்துப் பாருங்கள். நல்ல வடிகட்டியுள்ள வண்டியில் விரலில் கருமை அவ்வளவாக ஒட்டாது. ஜெர்மனியில் 2023 ஜூலை முதல் யூரோ 6 டீசல்களுக்குத் துகள் எண்ணிக்கைச் சோதனை வந்துவிட்டது, வரம்பு ஒரு கன சென்டிமீட்டருக்கு 2,50,000. விரிசல் விட்ட வடிகட்டி அதில் தேறாது. பிரிட்டனின் எம்.ஓ.டி. என்ற வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனையிலும் 2014 பிப்ரவரி முதல் வடிகட்டி இல்லாத வண்டி தோல்வி. எனவே உள்ளே குடைந்து எடுத்துவிடும் 'தீர்வு' இங்கே பேச்சுக்கே இல்லை.

கடைசியாக வரலாறு. ரீஜென்களுக்கு இடையில் 300, 400 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறதென்றால் ஆரோக்கியம். நெடுஞ்சாலையில் ஓடியும் 150க்குள் வருகிறதென்றால், ஒன்று எரிப்பு பாதியில் நிற்கிறது, அல்லது சாம்பல் இடத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது, அல்லது எஞ்சின் அளவுக்கு மீறிக் கரி உமிழ்கிறது. கரித்தூள் சதவீதத்தை வேறு வண்டியோடு ஒப்பிடாதீர்கள். எந்தச் சதவீதத்தில் ரீஜென் தொடங்குவது என்பது ஈ.சி.யூ.வுக்கு ஈ.சி.யூ. மாறும்.

நான்காம் படி: எரிப்பு

கரித்தூள் மட்டும்தான் பிரச்சினை, வண்டி பலம் குறைந்த பாதுகாப்பு நிலைக்குப் போகவில்லை என்றால் முதல் மருந்து சாலை. மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல், எஞ்சின் 2000 சுழற்சிக்கு மேல், குறைந்தது 15 நிமிடம். ஃபியட் கையேடு சொல்வதும் இதுதான். டேங்கில் கால் பங்குக்கு மேல் டீசல் வைத்துக்கொள்ளுங்கள், ரிசர்வில் பல வண்டிகள் ரீஜெனைத் தொடங்காது. லேப்டாப்பைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். வெப்பம் 550ஐத் தாண்டி, கரித்தூள் எண் இறங்கத் தொடங்கினால் முடியும்வரை நிறுத்தாமல் ஓட்டுங்கள்.

ஓட்டத்தில் தொடங்க மறுத்தால்தான் நிறுத்திவைத்துச் செய்யும் கட்டாய ரீஜென். மோட்டார்ஹோமில் இதற்குச் சாதாரண வேனைவிட எச்சரிக்கை கூடுதல். கீழே பிளாஸ்டிக் ஸ்கர்ட், கழிவுநீர் டேங்க், அதன் குழாய்கள், கேஸ் லாக்கரின் தரைத் துவாரங்கள் எல்லாம் வெளியேற்றக் குழாய்க்கு அருகிலேயே இருக்கும்.

1. திறந்தவெளியில் கான்கிரீட் அல்லது ஜல்லித் தரையில் நிறுத்துங்கள். புல்லில் கூடாது, காய்ந்த புல் தீப்பிடிக்கும்.
2. கேஸ் சிலிண்டர் வால்வை மூடுங்கள், ஃபிரிட்ஜை அணையுங்கள். ஜன்னல், கூரைத் திறப்புகளை அடைத்து, உள்ளே யாரும் தூங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
3. டெயில்பைப்பின் பின்னால் இரண்டு மீட்டராவது காலியாக இருக்கட்டும். தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில்.
4. ஆயில் அளவு அதிகபட்சக் கோட்டுக்கு மேல் இருந்தால் தொடங்கவே தொடங்காதீர்கள். டீசல் கலந்த ஆயில் டர்போ வழியாக உறிஞ்சப்பட்டால் எஞ்சின் கட்டுப்பாடில்லாமல் ஓடும் அபாயம் உண்டு. முதலில் ஆயில் மாற்றம்.
5. லேப்டாப்பின் ஸ்லீப் அமைப்பை அணைத்து, கூலன்ட் 70 டிகிரியைத் தாண்டியதும் கட்டளை கொடுங்கள். சுழற்சி தானாக ஏறும். 20 முதல் 40 நிமிடம் வரை ஆகலாம்.
6. வெப்பம் 700ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஸ்கேனரிலேயே ரத்து செய்து, எஞ்சினை ஐடிலில் ஓடவிடுங்கள். சாவியைத் திருகி அணைத்தால் குளிர்விக்கும் காற்றோட்டம் நின்று வடிகட்டிக்குள் வெப்பம் தேங்கும்.
7. முடிந்ததும் ஐந்து நிமிடம் ஐடில், பிறகு அதே 2500 சுழற்சியில் அழுத்தத்தை மறுபடி அளந்து எழுதிவையுங்கள்.

ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஆயில் மாற்றத்தை ஸ்கேனரில் பதிவு செய்யுங்கள். ஃபியட் டீசல்களில் ஆயில் தரத்தை ஈ.சி.யூ. கணக்கிட்டுக்கொண்டே வரும், பதியாவிட்டால் புது ஆயிலோடும் விளக்கு சிமிட்டும்.

ஐந்தாம் படி: கழற்ற வேண்டியது எப்போது

எரிப்பு முழுமையாக நடந்து, கரித்தூள் எண் அடிமட்டத்துக்கு வந்த பிறகும் அழுத்தம் குறையவில்லையென்றால் உள்ளே இருப்பது சாம்பல். இன்னொரு ரீஜென், இன்னொரு டப்பா ஸ்பிரே எதுவும் பயன் தராது. கழற்றி, வடிகட்டி சுத்தம் செய்யும் பட்டறைக்கு அனுப்புங்கள். சூளையில் சுடுவது, எதிர்த்திசையில் காற்றழுத்தம், நீர்வழிக் கழுவல் என்று முறைகள் பல. எந்த முறையானாலும் முன்னும் பின்னும் எடை, காற்றோட்ட அளவு இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். கொடுக்காத பட்டறைக்குக் கொடுக்காதீர்கள். வீட்டில் கார் கழுவும் பிரஷர் வாஷரை வைத்து அடிப்பது உள்ளிருக்கும் செராமிக் சுவர்களையும் மேற்பூச்சையும் கெடுக்கும்.

திரும்ப மாட்டும்போது புதிய கேஸ்கெட், புதிய கிளாம்ப். சென்சார் குழாய்களை எது முன், எது பின் என்று கழற்றும்போதே டேப் ஒட்டி வையுங்கள்.

அதன் பிறகுதான் 'வடிகட்டி மாற்றப்பட்டது' என்ற கட்டளை. வெறும் ரீஜென் செய்துவிட்டு இதை அழுத்துவதுதான் கருவி கையில் வந்தவர்கள் செய்யும் மிக விலையுயர்ந்த தப்பு. ஈ.சி.யூ. தன் கரித்தூள், சாம்பல் கணக்கைப் பூஜ்யமாக்கிக்கொள்ளும். உள்ளே இருப்பதோ பாதி நிரம்பிய வடிகட்டி. அடுத்த ரீஜென் தொடங்கும்போது கணக்குக்கு மேல் கரித்தூள் சேர்ந்திருக்கும். அவ்வளவும் ஒரே நேரத்தில் எரிய, வெப்பம் எல்லை மீறி செராமிக் விரியும் அல்லது உருகும். சென்சாரை மாற்றியிருந்தால் அதன் மறு அளவமைப்பைத் தனியாகச் செய்யுங்கள். இரண்டையும் ஒன்றாக நினைக்க வேண்டாம்.

அடுத்த நீண்ட பயணத்தில் 500 கிலோமீட்டர் கழித்து ஒருமுறை ஸ்கேனரை மாட்டி, ரீஜென் இடைவெளியையும் 2500 சுழற்சி அழுத்தத்தையும் பழைய குறிப்போடு வைத்துப் பாருங்கள். இடைவெளி மறுபடி 150க்குள் சுருங்கியிருந்தால் வடிகட்டியை விட்டுவிட்டு இன்ஜெக்டர், ஈ.ஜி.ஆர்., டர்போ குழாய்கள் பக்கம் போங்கள்.